எம்375-ஐ ஏன் வளர்க்கிறோம்?

குன்றல் பகுப்பின்போது தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் தம் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இம்மறுசேர்க்கை எங்கும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. சில இடங்களில் மிகுதியாக நிகழும்; அவற்றையே ஹாட்ஸ்பாட் என்கிறோம். டிஎன்ஏவில் குறிப்பிட்ட எழுத்து வரிசை தென்பட்டாலே அங்கு ஹாட்ஸ்பாட் உண்டு எனக் கணினித்திரை முன்பே முடிவுகட்டும் போக்கு இத்துறையில் ஆய்வு செய்யும் எனக்குக் கவலை தருகிறது. அதனாலேயே பிளவு ஈஸ்டின் எம்26 வரலாற்றை இளைய மாணவர்களுக்கு மீண்டும் மீண்டும் சொல்கிறேன்.

அடினின் உருவாக்கத்துக்குத் தேவையான ஏடிஇ6 மரபணுவில் ‘ஜி’ என்னும் ஓர் எழுத்து ‘டி’யாக மாறியதே எம்26. அவ்விடத்தில் மறுசேர்க்கை ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்வதை 1971இல் ஹெர்பர்ட் குட்ஸ் வெளியிட்டார். அம்மாற்றம் ஒரு நிறுத்தக் கோடானையும் உண்டாக்குகிறது. உயர்வுக்கு அதுதான் காரணமோ என்ற ஐயம் இயல்பானது.

அந்த ஐயத்தைத் தீர்ப்பது எம்375. அடுத்துள்ள கோடானில் அதே மாற்றம், அதே நிறுத்தக் கோடான். ஆனால் மறுசேர்க்கையில் உயர்வு இல்லை. ஆக, காரணம் வேறு. எம்26 தற்செயலாக ‘ஏடிஜிஏசிஜிடி’ என்ற ஏழெழுத்து வரிசையை உருவாக்கிவிட்டது. அவ்வரிசையைப் பற்றும் புரத இணை ஒன்றை 1994இல் வேய்ன் வால்ஸும் ஜெரால்டு ஸ்மித்தும் கண்டறிந்தனர். ஏழெழுத்துகளில் ஒன்றை மாற்றிப் பிணைப்பைக் கெடுத்தால் ஹாட்ஸ்பாட்டும் மறைந்தது. அவ்விணையே ஏடிஎஃப்1, பிசிஆர்1. நெருக்கடிக் காலத்தில் மரபணுப் படியெடுத்தலை இயக்கும் இப்புரதங்கள், இங்கே குரோமாட்டின் அமைப்பைத் தளர்த்தி, டிஎன்ஏவை வெட்டும் ரெக்12 புரதத்துக்கு வழிவிடுகின்றன.

வரிசை மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. எம்26 மரபணுவைப் பிளாஸ்மிடில் வைத்தபோது அது ஹாட்ஸ்பாட்டாகச் செயல்படவில்லை என 1992இலேயே காட்டப்பட்டது. வரிசை, அதைப் பற்றும் புரதம், சுற்றியுள்ள குரோமாட்டின் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் வளர்தட்டுகளுக்குத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம், எம்375-ஐ மட்டும் விட்டுவிடலாமே என்ற யோசனை எழும். நான் இசைவதில்லை. எதுவும் நிகழாத அந்தத் தட்டு இல்லாவிட்டால், எம்26 தட்டில் எண்ணும் ஒவ்வொரு கூட்டமைவும் வெறும் எண்ணாக நிற்கும். அதற்கான காரணத்தை நம்மால் சொல்ல இயலாது.