தங்கம் போன பிறகு...

ஆடி பிறந்துவிட்டால் என் தாய் வீட்டில் வெளிக் கொடியில் துணி உலர்த்த மாட்டார்கள். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியில் இருக்கிறது அந்த லைன் வீடு. காற்று வீசினால் எதிரேயுள்ள சயனைடு மேட்டிலிருந்து மாவு போலத் தூசு கிளம்பி, சோற்றுத் தட்டில்கூடப் படிந்துவிடும்.

மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை போய் வெட்டியெடுத்த பாறையை அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய சக்கைதான் அந்த மேடு. 1880-களிலிருந்து தங்கம் தந்த சுரங்கத்தை 2001-ல் மூடினார்கள். அப்பாவின் வேலை போயிற்று. 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட சக்கை மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

போன ஆடியில் மூன்று வயது மகனோடு போயிருந்தேன். இரண்டாம் நாள் இரவே பிள்ளைக்கு இளைப்பு. விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இந்த ஊரே வேணாம்மா, என்னோட வந்துடு" என்று காலையில் சீறினேன்.

"மண்ணு என்னடி பண்ணும்? மூடாம போட்டுட்டுப் போனது மனுஷன்தானே?" என்றாள் அம்மா. மேட்டடியில் கீரை விதைத்துப் பச்சையாக்கப் போகிறாளாம்!

பதறிப்போய் விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டேன். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடுமாம். ஆனால் பாறையோடு வந்த ஆர்சனிக், ஈயம் போன்றவை இருந்தால் அவை அழிவதில்லை. கீரை அவற்றை இலையில் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பொடியில் மட்கு இல்லை, தழைச்சத்து இல்லை. முதலில் நல்ல மண்ணால் போர்த்தி, தொழு உரம் இட்டு, மண்ணைப் பிடித்துக்கொள்ளும் வெட்டிவேரும், தழைச்சத்தைத் தானே சேர்க்கும் புங்கையும் சவுக்கும் வளர்க்க வேண்டும். சாப்பிடுகிற பயிர் கூடாது. தூசு அடங்குவதுதான் முதல் பலன். பிள்ளை பெற்ற உடம்பைத் தேற்றுவது போலத்தான் சகோதரிகளே! மறுநாளே வேலை வாங்க முடியுமா?

அத்தனை பெரிய மேட்டை அம்மாவால் மூட முடியாது. அது அரசாங்கம் செய்ய வேண்டிய காரியம். வேலியோரம் குழி வெட்டி, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணும் சாணமும் நிரப்பி, ஆறு புங்கங்கன்று நட்டாள். கீரை தொட்டிக்குப் போயிற்று. வீட்டைப் பெருக்குவதை விட்டு ஈரத்துணியால் துடைக்கிறாள்.

இந்த ஆடியில் கன்றுகள் இடுப்பளவு. மகனை நான் இன்னும் அழைத்துப் போகவில்லை. அம்மாதான் ஃபோனில் சொன்னாள்: "இலையெல்லாம் வெள்ளையா தூசுடி. அவ்வளவும் வீட்டுக்குள்ள வந்திருக்க வேண்டியதுதானே!"