தமிழ் என்றால் 15

திங்கள்

ஐந்தெழுத்துச் சொல், மூன்றாவது எழுத்து ‘ர’. குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்களின் பொழுது இப்படித்தான் போகும். வருஷக்கணக்காகச் சேர்த்த சொற்கள் ஒரு ஃபைலில் கிடக்கின்றன. அதில் கண்ணை ஓட்டித் தேடும் வேலையை இனி கம்ப்யூட்டர் பார்க்கட்டும்.

அக்கா மகன் என்ஜினியரிங் இரண்டாம் வருஷம். “பைத்தான்ல நாலு வரியில முடிஞ்சிடும் சித்தி, உங்களுக்கு எதுக்கு சி?” என்கிறான். அவன் விட்டுப்போன, பாலகுருசாமி எழுதிய சி மொழிப் புத்தகம் வீட்டில் சும்மா கிடக்கிறது என்பது ஒரு காரணம். நாலு வரியில் முடிந்துவிட்டால் உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமலே போய்விடும் என்பது இன்னொன்று.

முதல் புரோகிராம் வழக்கப்படி ‘ஹலோ, வேர்ல்டு’. கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் எழுதிய சி புத்தகத்திலிருந்து ஊரெல்லாம் பிடித்துக்கொண்ட சம்பிரதாயம். நான் ‘வணக்கம்’ என்று போட்டேன். வணக்கம் என்றே வந்தது. தமிழுக்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

செவ்வாய்

அவன் லேப் ரெக்கார்டு நோட்டில் முழு எண்ணுக்கான ‘இன்ட்’ வகை 2 பைட். என் லேப்டாப்பில் ‘சைஸ்ஆஃப்’ போட்டால் 4. இரண்டும் சரிதான் என்பதுதான் வேடிக்கை. அவர்கள் லேபில் இன்னும் டர்போ சி, அந்த நீலத் திரை. டாஸ் காலத்துச் சரக்கு. அதில் 32,767-உடன் 1 கூட்டினால் மைனஸ் 32,768-இல் போய் விழும். என் ஜிசிசி கம்பைலரில் இன்ட்டின் உச்சவரம்பு 2,147,483,647. குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும், அதற்கு மேல் மெஷினின் வசதி என்று சி விட்டுவிடுகிறது.

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி இந்த மொழிக்கு உருக்கொடுத்தது 1972 வாக்கில். யூனிக்ஸ் இயங்குதளத்தை 1973-இல் இதிலேயே திரும்ப எழுதினார்கள். பிறகு மெஷினுக்கு மெஷின் குடிபோன மொழி, போன இடத்து அளவை எடுத்துக்கொண்டது. ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு புரோகிராமும் ‘சிஎல்ஆர்எஸ்சிஆர்’ என்று திரையைத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. சி தரத்தில் அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது.

புதன்

இதழ் முடிக்கிற நாள். புரூஃப் மட்டும்.

வியாழன்

இஃப், எல்ஸ், ஃபார் லூப். இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. ஒரு சமக்குறி போட்டால் மதிப்பை வை, இரண்டு போட்டால் ஒப்பிடு. இஃபுக்குள் ஒன்றோடு நிறுத்தினாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். ‘வால்’ என்ற ஆப்ஷன் போட்டுக் கேட்டால் மட்டும் வார்னிங் தரும்.

அரே ஏன் சுழியில் தொடங்குகிறது என்பதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டியிருந்தது. அடைப்புக்குள் போடுவதை வரிசை எண்ணாக நினைத்தால் குழப்பம், அது தூரம். பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிவிட்டவன் 0 கிலோமீட்டர் போயிருக்கிறான், அவ்வளவே. ஆகவே மூன்றாவது எழுத்து 2-இல் இருக்கும். இங்கிலீஷ் சொல்லாக இருந்தால்.

வெள்ளி

‘ஸ்டர்லென்’ சொல்லின் நீளத்தைச் சொல்லும் என்று புத்தகம் சொல்கிறது. ‘தமிழ்’ என்று கொடுத்தேன். 15 என்றது.

போனில் அவனிடம் சொன்னேன். “பைத்தான்ல போட்டுப் பாக்குறேன் சித்தி.” சற்று நேரத்தில், “அஞ்சுங்குது.”

“மூணுடா.”

“ஆமால்ல!”

ஒவ்வொரு பைட்டாக அச்சிடச் சொன்னபோதுதான் விஷயம் திறந்தது. ‘த’ என்கிற ஒரே எழுத்துக்கு மைனஸ் 32, மைனஸ் 82, மைனஸ் 92. ‘கேர்’ என்ற வகை என் லேப்டாப்பில் மைனஸ் 128 முதல் 127 வரைதான் பிடிக்கும். ‘அன்சைன்டு’ என்று முன்னால் சேர்த்தால் அதே பைட்டுகள் 224, 174, 164 ஆகின்றன. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. பைத்தான் சொன்ன ஐந்தும் இதுதான். அது குறியையும் புள்ளியையும் தனி ஆளாக எண்ணியிருக்கிறது. சி எழுத்தையே எண்ணவில்லை. சுழி வரும்வரை பைட்டுகளைத் தாண்டிப் போயிருக்கிறது. முடிவைக் காட்டும் அந்தச் சுழிக்கும் இடம் வேண்டும் என்பதால் ‘தமிழ்’ வைக்க 16 பைட் ஒதுக்க வேண்டும். தொல்காப்பியர் புள்ளி வைக்கச் சொன்னபோது இதற்கு மூன்று பைட் ஆகும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சனி

இந்த மூன்று பைட் ஏற்பாட்டுக்கு யுடிஎஃப்-8 என்று பெயர். 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஒரு உணவகத்தில், தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தில், ராப் பைக்குடன் உட்கார்ந்து கென் தாம்சன் வகுத்தது. சிக்கு முன்னோடியான ‘பி’ மொழியைச் செய்ததும் அதே தாம்சன்தான். பழைய சி புரோகிராம்கள் உடையக்கூடாது என்பதற்காக, சுழி பைட் எந்த எழுத்தின் நடுவிலும் வராதபடி பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் திங்கட்கிழமை ‘வணக்கம்’ சிக்கலில்லாமல் வந்திருக்கிறது. தமிழ் என்று தெரியாமலே பைட்டுகளை அப்படியே கடத்தியிருக்கிறது, அச்சிடும் ஃபங்ஷனான பிரின்ட்எஃப்.

இனி எண்ணுவது என் பொறுப்பு. 224 வந்தால் ஒரு தமிழ் உரு தொடங்குகிறது. அடுத்தது 174 ஆகவும் அதற்கடுத்தது 190 அல்லது 191 ஆகவும் இருந்தால் அது கால், அல்லது இகரக் குறி. அடுத்தது 175, அதற்கடுத்தது 128 முதல் 141 வரை என்றால் மற்றக் குறிகளும் புள்ளியும். இவற்றை விட்டுவிட்டு மற்றதை எண்ண வேண்டும். லூப் ஒன்று, இஃப் இரண்டு. ‘பல்லாங்குழி’ 33 பைட், 6 எழுத்து. வந்துவிட்டது!

சொல்லை வாங்க 20 இடம் போதும் என்று அரே வைத்தால் பல்லாங்குழி அதற்குள் அடங்காது. அடங்காததை, சொல்லை வாங்கும் ஃபங்ஷனான ‘கெட்ஸ்’ பேசாமல் பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடும். 1988-இல் இணையத்தை முடக்கிய மாரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இந்தக் கெட்ஸ்தான். 2011-ஆம் வருஷத் தரத்தில் அதை எடுத்தே விட்டார்கள். ரெக்கார்டு நோட்டில் பத்திரமாக இருக்கிறது. நான் ‘எஃப்கெட்ஸ்’ வைத்தேன். இடத்தின் அளவைச் சொன்னால் அதற்குள் நிறுத்திக்கொள்ளும்.

ஞாயிறு

ஃபைல் முழுவதையும் ஓடவிட்டேன். ஐந்தெழுத்து, மூன்றாவது ‘ர’: சமரசம், நவரசம், ஆசிரமம். இன்னும் நிறைய.

ஒரு விநோதம்: ‘கொலுசு’ இரண்டு தடவை இருக்கிறது, ஆனால் சொற்களை ஒப்பிடும் ‘ஸ்டர்சிஎம்பி’ இரண்டும் வேறு என்கிறது. ஒன்றில் ‘கொ’வின் குறி ஒரே உரு, பழைய ஃபைலிலிருந்து வந்ததில் கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு 6-உம் 9-உம். எண்ணிக்கை இதனால் கெடாது, இரண்டிலும் குறிகள் விடப்படுகின்றன. ஒப்பிடுவதற்கு முன்னால் சேர்த்துத் தைக்க வேண்டும்.

மிச்சம் ‘க்ஷ’. என் கட்டத்தில் அது ஓர் எழுத்து, புரோகிராமுக்கு இரண்டு. “ஒரு இஃப் சேர்த்துக்கோங்க சித்தி,” என்கிறான். ‘ஸ்ரீ’க்கு இன்னொரு இஃப். சேர்க்கலாம். அதுவரை லக்ஷ்மி வேண்டிய இடத்தில் இலக்குமியைப் போட்டுக்கொள்கிறேன், கணக்கும் சரியாக ஐந்து வருகிறது.