ஒன்று புள்ளி பூஜ்யம்

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு என்டர் கீயைத் தட்டினேன். உலகத்துக்கே ஒரு ஸாஃப்ட்வேரை இலவசமாகக் கொடுத்துவிட்ட பெருமிதத்தோடு திரும்பினால், "பால் பாக்கெட்டுக்குப் பை வெளியில மாட்டினீங்களா?" என்றாள் மனைவி. மாட்டவில்லை.

நான் பார்ப்பது அக்கவுண்ட்ஸ் உத்தியோகம். புரோகிராம் எழுதுவது வேண்டாத பழக்கம். எங்கள் ஆபீஸில் 2000-ம் வருஷத்துத் தமிழ் சர்க்குலர்களை இன்றைக்குத் திறந்தால், தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துக்களாகக் கொட்டும். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழை கம்ப்யூட்டரில் ஏற்ற ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். உலகத் தமிழர்கள் மின்னஞ்சலில் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி ஒரு பக்கம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் இன்னொரு பக்கம். இதையெல்லாம் யூனிகோடுக்கு மாற்ற பைத்தானில் ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். சர்க்குலர்கள் எழுந்து உட்கார்ந்து தமிழ் பேசின.

பக்கத்து ஸீட் நண்பர் சும்மா இருக்கவில்லை. "ஊருக்கே கொடுங்க ஸார், புண்ணியமாப் போகும்."

பைத்தான்காரர்களுக்கு பைபிஐ என்று ஒரு பொதுக் கிடங்கு இருக்கிறது. கணக்கு ஆரம்பிக்கப் பணம் வேண்டாம். பாஸ்வேர்டோடு இன்னொரு சாவியும் வேண்டும் (2024-ல் இருந்து எல்லோருக்கும் கட்டாயம்). அவ்வளவுதான். உங்கள் சரக்கை யாரும் பிரித்துப் பார்த்து, "என்னப்பா, உப்பு இல்லையே" என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள். போட்டது போட்டபடி உலகத்துக்குப் போய்விடும். எனக்கு அது பெரிய சௌகரியமாகப் பட்டது.

1.0 என்று நம்பர் கொடுத்து ஏற்றினேன். மறுநாள் நண்பர் இறக்கிப் பார்த்தால் ஓடவில்லை. எழுத்து அட்டவணை இருந்த ஃபைலை மூட்டையில் கட்டவே மறந்திருந்தேன். என் கம்ப்யூட்டரில் அது பக்கத்திலேயே கிடந்ததால் எனக்கு மட்டும் ஜோராக ஓடியது. சரி என்று 1.0-வை அழித்துவிட்டு, திருத்தியதை அதே பெயரில் ஏற்றப் போனேன். இந்தப் பெயர் ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது, முடியாது என்று பதில் வந்தது. அழித்தாலும் அந்தப் பெயரில் இன்னொரு ஃபைல் வரவே முடியாது.

முதலில் கோபம் வந்தது. யோசித்தால் நியாயம்தான். நேற்று 1.0 வாங்கியவரும் இன்று 1.0 வாங்கியவரும் வேறு வேறு சரக்கு வாங்கினால் பெயருக்கு என்ன மதிப்பு?

போட்டதைத் திரும்ப எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் முன்கதை உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் கிடங்கு என்பிஎம். 2016 மார்ச்சில் ஒருவர் ஒரு பெயர்த் தகராறில் வெறுத்துப்போய், அங்கே தான் போட்டதையெல்லாம் உருவிக்கொண்டார். அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. பதினோரு வரி. ஒரு வார்த்தைக்கு இடது பக்கம் இட்டு நிரப்பும், அவ்வளவே. அதை நம்பி ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் நின்றிருந்தன. எல்லாம் மளமளவென்று சரிய, சுமார் இரண்டு மணி நேரத்தில் கிடங்குக்காரர்களே அந்தப் பதினோரு வரியைத் திரும்ப வைத்தார்கள். பிறகு எடுப்பதற்கான விதிகளையும் இறுக்கினார்கள்.

நான் 1.0.1 போட்டேன். போகிற போக்கில் திஸ்கியையும் சேர்த்தேன். அதைப் பரிசோதித்தது ஒரே ஒரு வரியால்: 'அம்மா அப்பா வணக்கம்.' பாஸ்!

ஒரு மாதம் கழித்து யாரோ தப்பைச் சுட்டிக்காட்டினார்கள். திஸ்கியில் 'கொ' என்றால் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. என் புரோகிராம் கொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு க-வைத் தாண்டும். காலைக் கண்டதும் கொம்பை மறந்துவிடும். 'கொ' மட்டுமல்ல, 'கோ'வும் 'கா' ஆகிவிடும். அன்றைக்கே திருத்தி 1.0.2 போட்டேன். 1.0.1-க்கு பைபிஐ-யில் 'யாங்க்' முத்திரை குத்தினேன். அதாவது சரக்கு இருக்கும். ஆனால் நம்பர் சொல்லிக் கேட்பவருக்கு மட்டும்தான் கிடைக்கும். முடிந்தது விஷயம் என்று தூங்கிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து கும்பகோணத்தில் இருந்து ஃபோன். ரிடையர்டு தமிழாசிரியர்.

"தம்பி, எழுத்து மாத்தற சாமான் உங்களுதா?"

"ஆமாங்க ஐயா!" (பாராட்டு வருகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.)

"என் சம்சாரம் சமையல் குறிப்பெல்லாம் டைப் அடிச்சு வெச்சிருந்தா. நாப்பத்து மூணு ஃபைல். போன வருஷம் தவறிட்டா. மாத்திப் படிக்கலாம்னு பார்த்தேன். 'மார்க்குழம்பு'ன்னு வருது. 'தாசை'ன்னு வருது. 'சாறு'ங்கறது சோறா, சாறான்னு தெரியல."

"ஐயா, அது 1.0.1. இப்ப 1.0.2 வந்தாச்சே."

"எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. என்கிட்ட வந்தது இதுதான்."

விசாரித்தேன். பேரன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறான். அந்த லினக்ஸின் கடையில் என் புரோகிராமை யாரோ ஒரு தன்னார்வலர் எடுத்து வைத்திருக்கிறார். என்னைக் கேட்க வேண்டியதில்லை. லைசென்ஸில் நானே அனுமதித்திருக்கிறேன். அவர் எடுத்த நாளில் 1.0.1. அதுவே தங்கிவிட்டது.

இதில் நான் முதல் ஆள் இல்லை. எக்ஸ்-ஸ்க்ரீன்சேவர் எழுதிய ஜேமி ஸாவின்ஸ்கி, பழைய பிரதிகளில் இருக்கும் தப்புக்கெல்லாம் தனக்குப் புகார் வருகிறதே என்று நொந்து, 'இது ரொம்பப் பழசு, புதுசு போட்டுக்கொள்ளவும்' என்ற அறிவிப்பை உள்ளேயே வைத்துவிட்டார். டெபியன் என்ற லினக்ஸ், ஸ்திரமான பதிப்பில் புதுசு புதுசாக மாற்றாது. அதுதான் அவர்கள் கொள்கை. 2016-ல் அந்த அறிவிப்பு டெபியன்காரர்களின் திரையில் தோன்ற, அதை எடுப்பதா வைப்பதா என்று பெரிய வாக்குவாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

"பழைய ஃபைல் இருக்குமே ஐயா?" என்றேன் நம்பிக்கையோடு.

"அதுமேலதான் எழுதிடுச்சு. ஃப்ளாப்பி இருந்தது. பூசணம்."

ஆம். ஒரிஜினல் மேலேயே எழுதும்படி செய்தவனும் நான்தான். தனியாகக் காப்பி வைக்கத் தோன்றவில்லை. லைசென்ஸில் 'உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லை' என்று பெரிய எழுத்தில் ஒரு பத்தி உண்டு. எல்லோரும் ஒட்டுகிறோம், நானும் ஒட்டினேன். அதை ஃபோனில் அவரிடம் வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தன்னார்வலருக்கு எழுதினேன். மறுநாளே 1.0.2-வை வைத்து, மன்னிப்பும் கேட்டார். தப்பு என்னுடையது, மன்னிப்பு அவருடையது! அடுத்த சனிக்கிழமை கும்பகோணம் பஸ் ஏறினேன்.

காணாமல் போன கொம்பை எந்தப் புரோகிராமும் கொண்டுவராது. நான் வாசிக்க வாசிக்க ஐயா சொன்னார். காத்தமல்லி, கொத்தமல்லி. ரசப்பாடி, ரசப்பொடி. பாதும், போதும். சில இடங்களில் சிரித்தார். ஒரு குறிப்பின் அடியில், 'காபமாக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் பாகவும்' என்று இருந்தது. அதற்கு மட்டும் திருத்தம் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நானே திருத்தினேன்.

ஞாயிறு சாயந்திரம் நாற்பத்து மூன்றாவது ஃபைல். சர்க்கரைப் பாங்கல்.

'பானையை அடுப்பில் ஏற்றுமுன் பாட்டு வைக்கவும்.'

"பொட்டு வைக்கவும், அதானே ஐயா?" என்று டைப் அடிக்கப் போனேன்.

"இருங்க" என்றார். "பானைக்குப் பொட்டு வைப்பா. ஆனா சமையல் ஆரம்பிக்கு முன்னாடி ரேடியோவுல பாட்டும் வைப்பா."

கர்சர் விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"பாட்டாவே இருக்கட்டும் தம்பி" என்றார்.