மூச்சுக்குக் காத்திருக்கும் கதிர்

சப்போரோ ரயில் நிலையத்திலிருந்து வடக்கே நடந்தால் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் கின்கோ மரச்சாலை வருகிறது. 380 மீட்டர் நீளம், 70 மரங்கள். அக்டோபர் கடைசி, கிளையெல்லாம் மஞ்சள், தரையெல்லாம் மஞ்சள். படம் எடுக்க நின்றவர்களைத் தாண்டி, பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழக மருத்துவமனைக்குள் நுழைந்தேன்.

ஊரில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். நுரையீரல் கட்டி ஓரிடத்தில் நிற்காது. உதரவிதானத்தை ஒட்டியிருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். அது போய்வரும் பாதை முழுவதிலும் கதிரைச் செலுத்தினால் நல்ல நுரையீரலும் புண்ணாகும். அதனால், "மூச்சைப் பிடிங்க ஐயா" என்போம். "அது முடிஞ்சா நான் ஏம்மா இங்க வரேன்?" என்று ஒரு பெரியவர் இளைத்தபடியே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் இங்கே இருந்தது. ஹிரோகி ஷிராட்டோவும் குழுவினரும் 1999இல் வெளியிட்ட முறை இது. மூச்சுக்குழாய்க்குள் குழல் செலுத்தி, கட்டிக்கு அருகே கடுகளவு தங்கக் குண்டுகளை வைத்துவிடுகிறார்கள். இரண்டு கோணங்களிலிருந்து எக்ஸ்-ரே அவற்றை விநாடிக்கு 30 முறை பார்க்கிறது. குறித்த இடத்துக்கு 2 மில்லிமீட்டருக்குள் குண்டு வந்தால் கதிர் பாயும், விலகினால் நின்றுவிடும்.

2014 முதல் புரோட்டான் கதிருக்கும் இதே காவல். புரோட்டான், கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, கட்டியைப் புள்ளி புள்ளியாக நிரப்பும். நடுவில் தரை நகர்ந்தால் ஓரிடத்தில் இரண்டு புள்ளி விழும், இன்னோரிடம் வெறுமையாகிவிடும். அதனால் இதற்குக் காத்திருப்பு இன்னும் அவசியம்.

எனக்காக, மூச்சுபோல் ஏறி இறங்கும் ஒரு மாதிரிப் பொருளை மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். திரையில் சின்னப் புள்ளி மேலே போனது, கதிர் இல்லை. இறங்கி வந்தது, விளக்கு எரிந்தது. மறுபடி போனது, அணைந்தது. வேண்டுமென்றே ஓட்டத்தைத் தாறுமாறாக்கினார்கள். அப்போதும் அந்தப் பெரிய இயந்திரம் அவசரப்படவில்லை. புள்ளி வரும்வரை இருந்தது, வந்ததும் தன் வேலையைச் செய்தது.

இத்தனை காலமும் நோயாளியை இயந்திரத்துக்குப் பழக்கினோம். இங்கே இயந்திரத்தை நோயாளிக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

திரும்பும்போது கின்கோ மரங்களின்கீழ் அந்தப் பெரியவர் நினைவு. அவரிடம் சொல்ல முடியாமல் போனதைத் தமிழில், வாய்விட்டே சொன்னேன்: "நீங்க பாட்டுக்கு மூச்சு விடுங்க ஐயா. அது காத்திருக்கும்."