உம்மம்மாவுக்கு ஒரு முக்காலி

"நான் வந்தா உங்களுக்குத்தான் கரைச்சல் மகள். நீங்க போய்ட்டு வாங்க."

எந்தப் பயணம் என்றாலும் உம்மம்மா இப்படித்தான் சொல்வார். அவருக்கு முழங்கால் வருத்தம். அதனால் நாங்களும் வற்புறுத்துவதில்லை.

சென்ற டிசம்பர் விடுமுறையில் அவரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் மின்னேரியா தேசியப் பூங்காவுக்குப் போனோம். மாரிகாலம் என்பதை எவரும் யோசிக்கவில்லை. மகாசேன மன்னன் கட்டிய குளம் நிரம்பிக் கிடந்தது, புல்வெளி தண்ணீருக்குள். யானை பார்க்கப் போனவர்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். "எத்தன யானை கண்டீங்க?" என்று வாசலிலேயே உம்மம்மா கேட்டபோது பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

இவ்வருடம் ஓகஸ்டில் போக முடிவுசெய்தோம். கோடையில் குளம் வற்றும்போது கரையில் இளம்புல் முளைக்கும். ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் அதைத் தேடி யானைகள் கூட்டங்கூட்டமாக வரும். பயணத் திட்டம் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. முதல் வரியில் உம்மம்மாவின் பெயரை எழுதினேன். மற்றவையெல்லாம் அதற்கேற்ப அமைந்தன.

ஹபரணையில் ஓரிரவு தங்கினோம். கீழ்மாடி அறை எடுத்தோம். யானைகள் பிற்பகலில்தான் புல்வெளிக்கு அதிகம் வரும் என்பதால் காலை முழுவதும் ஓய்வு. லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்க முடியாது; எனவே மலசலகூடத் தேவையை முன்பே முடித்துக்கொண்டோம். ஜீப்பின் பின்பக்கம்தான் அதிகம் குலுங்கும். ஆகவே உம்மம்மாவுக்குச் சாரதியின் பக்கத்து ஆசனம். படி உயரம் என்பதால் வீட்டிலிருந்து ஒரு முக்காலியும் கொண்டுபோனேன். அதைக் கண்டு நாநா கேலி செய்தார். ஆனால் உம்மம்மா ஏறும்போது அந்த முக்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவரே.

குளக்கரையில் ஜீப் நின்றது. காட்டோரமிருந்து ஒரு கூட்டம் வந்தது. குட்டிகள் நடுவில் நடந்தன. முன்னால் வந்தது வயதான பெண் யானை என்று சாரதி காட்டினார். அது நின்றபோது பின்னால் வந்தவையும் நின்றன. ஒன்றும் அதை முந்திப் போகவில்லை.

உம்மம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கியது. எத்தனை பயணங்களில் நாங்கள் அவரை முந்திப் போயிருக்கிறோம்!

தோழிகளே, விடுமுறைப் பயணத்துக்குத் திட்டமிடும்போது வீட்டில் மெதுவாக நடப்பவரின் பெயரை முதலில் எழுதுங்கள். வீடு திரும்பிய மறுநாளே உம்மம்மா என்னிடம் கேட்டார்:

"அடுத்தது எங்க மகள் போற?"