நோட்டு என் கையில் இருந்தது

திருவண்ணாமலை டவுனில் ஒரு கிளினிக்கில் டோக்கன் எழுதுவது என் வேலை. வீடு அடி அண்ணாமலை. யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பல வருஷமாக நான் தவறாகத் தீர்மானித்து வந்தேன். தெரியாமல் செய்தேன் என்று முழுக்கச் சொல்ல முடியாது. பாதி தெரிந்தேதான் செய்தேன்.

டாக்டர் சாயங்காலம்தான் உட்காருவார். காலையிலேயே நான் பேர் எழுத ஆரம்பித்துவிடுவேன். நேரில் வருகிறவர்களுக்கு நம்பர் போட்ட அட்டை, போனில் கேட்கிறவர்களுக்கு நோட்டில் ஒரு வரி. ஒரு மாலைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. அது நிறைந்ததும் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லிவிடுவேன்.

தினமும் நோட்டின் முதல் சில வரிகளை எழுதாமல் விட்டுவைப்பேன். அவை எனக்குத் தெரிந்தவர்களுக்கு. கடைத்தெரு முதலாளிகள், கட்சிக்காரர் வீட்டம்மா, எங்கள் ஊர்க்காரர்கள், என் சொந்தக்காரர்கள். அவர்கள் மாலை ஐந்து மணிக்குப் போன் செய்தாலும் இரண்டாவது நம்பர் கிடைக்கும். இதற்காக யாரிடமும் பணம் வாங்கியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். தீபாவளிக்கு வந்த புடவைகளை மட்டும் வாங்கிக்கொண்டேன். அதை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

அந்த வரிகளின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து மலை இறங்கி, போளூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வருகிறவர்கள். தண்டராம்பட்டு, செங்கம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களிடம் என் போன் நம்பர் இருக்காது. மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தால் கடைசி டோக்கன்தான் மிஞ்சும். அதற்குள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் புறப்படும் நேரம் ஆகிவிடும். டாக்டரைப் பார்க்காமலே எழுந்து போனவர்கள் உண்டு. அவர்கள் பேரை அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். எதற்காக வந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வாட்ஸ்அப்பில் டோக்கன் போட ஆரம்பித்த பிறகு இது இன்னும் மோசமாயிற்று. காலையில் ஆறு மணிக்கே பாதி நோட்டு நிறைந்துவிடும். போன் வைத்திருக்கிறவர்களுக்கு இடம் கிடைத்தது, பஸ்ஸில் வந்தவர்களுக்கு இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய நாட்களில் திருவண்ணாமலை எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் ஜனம் நிறைந்துவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடந்து காலில் கொப்புளம், மயக்கம், பிரஷர் என்று வருவார்கள். தீபத்தன்று கிளினிக் கிடையாது என்பதால் முதல் நாள் உள்ளூர்க்காரர்களும் குவிவார்கள். மழையும் டெங்குவும் சேர்ந்து வருகிற மாதமும் அதுதான்.

அப்படி ஒரு முதல் நாளில், செங்கம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“நாலு நாளா ஜொரம்க்கா. நேத்து ராத்திரி வுட்டுடுச்சி. ஆனா வயித்த வலிக்குதுன்றான், தண்ணி குடிச்சாகூட வாந்தி எடுக்குறான்.”

“ஜொரம்தான் வுட்டுடுச்சே. இன்னைக்கு டோக்கன் முடிஞ்சிடுச்சி. நாளைக்குத் தீபம், கிளினிக் இல்ல. நாளன்னைக்கு வாங்க.”

இதைச் சொன்னபோது என் நோட்டில் இரண்டு வரிகள் காலியாக இருந்தன.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறலாம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, சோர்வு, கை கால் சில்லிட்டுப் போவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், இவையெல்லாம் அதற்கு அடையாளம். அந்த அம்மா அவற்றில் இரண்டைத் தானாகவே என்னிடம் சொன்னார். நான் கேட்டது ‘காய்ச்சல் விட்டது’ என்பதை மட்டும்தான்.

அன்று ராத்திரி பையனை 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். எனக்கு இது தெரிந்ததே அந்த அம்மா பிறகு பையனைக் காட்ட வந்தபோதுதான். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. எனக்காக ஒரு பை மல்லாட்டை கொண்டுவந்திருந்தார். அவர் பேரை முதல் வரியில் எழுதினேன், பையை வாங்கிக்கொண்டேன். அன்று இரண்டு வரி காலியாக இருந்தது என்று சொல்லவில்லை. திருப்பி அனுப்பியதைவிட, அந்த மல்லாட்டையை வாங்கிக்கொண்டு வாய் மூடி இருந்ததை நினைத்தால்தான் எனக்கு அதிகம் கூசுகிறது.

டாக்டரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். பிறகு ஒரு விஷயம் சொன்னார். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர், 1971-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினாராம். யாருக்கு வைத்தியம் அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். வைத்தியம் சந்தைச் சரக்காக ஆகும் இடத்தில் இது இன்னும் கடுமையாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். நான் மேலே எழுதியிருக்கிற நோட்டு அதற்கு ஒரு சாட்சி.

நம் அரசு மருத்துவமனைகளின் ‘தாய்’ அவசர சிகிச்சைப் பிரிவில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். முதலில் வந்தவர் யார், தெரிந்தவர் யார் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை, உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதுதான் வரிசை. நான் உட்கார்ந்திருக்கும் மேஜையிலும் அதே தீர்மானம்தான் தினமும் நடக்கிறது. அதை எந்தப் படிப்பும் இல்லாமல், சொந்த பந்தம் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன்.

இப்போதும் முதல் வரிகளைக் காலியாக விடுகிறேன், காத்திருக்க முடியாதவர்களுக்காக. டாக்டர் சொல்லச் சொல்ல நோட்டின் உள்ளட்டையில் அடையாளங்களை எழுதிவைத்திருக்கிறேன்: நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, சர்க்கரைக்காரருக்குத் திடீர் வியர்வை, கர்ப்பிணிக்குத் தலைவலியோடு கால் வீக்கம், காய்ச்சல் விட்ட பிறகு வாந்தி. தூரத்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கென்று சில டோக்கன்களை ஒதுக்கிவைக்கிறேன், அவற்றைப் போனில் கொடுப்பதில்லை. சொந்தத்தில் இரண்டு வீடுகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டன. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பழைய பழக்கத்துக்குத் திரும்ப மாட்டேன்.

கிளினிக்குக்கு வருகிறவர்கள் டோக்கன் கேட்கும் முன்னால் உடம்புக்கு என்ன என்பதைச் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் கவனிக்காவிட்டால், டாக்டரிடம் கேட்டுச் சொல்லும்படி வற்புறுத்துங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அந்த அம்மாவிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும், சொல்வேன். என்னைப் போல நோட்டு வைத்திருக்கிற அக்கா தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டோக்கன் முடிந்துவிட்டது என்று சொல்லும் முன் உள்ளே போய் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நோயாளியைப் பார்த்து ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.