எழுபது வளைவும் கால் மாத்திரையும்

பஸ்ல ஏறினா வாந்தி எடுக்கற கோஷ்டி நான். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். கையில எலுமிச்சம்பழம், பையில ரெண்டு பாலித்தீன் கவர் இல்லாம அம்மா என்னை வெளியூர் கூட்டிட்டுப் போனதே இல்லை. எலுமிச்சம்பழத்தால ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை, அது வேற விஷயம்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல டீமோட வால்பாறை போனோம். ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. வழக்கமா போடற அவோமினை வீட்லயே விட்டுட்டேன். பையில ஜலதோஷத்துக்கு வாங்கின செட்ரிசின் இருந்தது. ரெண்டும் ஆன்டிஹிஸ்டமின் தானே, ஒரே கிளாஸ்ல இருந்து வந்த ரெண்டு ஆப்ஜெக்ட், ஒரே மாதிரி தானே வேலை செய்யும்னு ஒரு இன்ஜினியர் மூளைக் கணக்கு. ஒன்பதாவது வளைவுல கணக்கு தப்பாச்சு. பக்கத்து சீட் நண்பனோட புது ஷூ... வேணாம், சாப்பிட்டுக்கிட்டே படிப்பீங்க.

அப்புறம் தான் உட்கார்ந்து தேடிப் படிச்சேன். காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு 'ஆடறோம், திரும்பறோம்'னு சொல்லுது. முன் சீட்டையே பாத்துட்டு இருக்கற கண்ணு 'சும்மா தான் உட்கார்ந்திருக்கோம்'னு சொல்லுது. ரெண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகாம மூளை குழம்பி, வயித்தைப் புரட்டி விடுது. இதை அடக்கணும்னா மாத்திரை மூளைக்குள்ள போயாகணும். செட்ரிசின் அவ்வளவா உள்ள போகாது. தூக்கம் கம்மியா வர்றதும் அதனால தான், வாந்திக்கு உதவாததும் அதனால தான். அவோமின்ல இருக்கற ப்ரோமெத்தசின் நல்லா உள்ள போகும். வாந்தியும் நிக்கும், ஆளும் சாய்வான். (அதைப் போட்ட அன்னைக்கு நான் பைக் சாவியைத் தொடறதில்லை. ஒரு தடவை ஸ்பீட் பிரேக்கர்ல ஏறின பிறகு தான் முழிச்சேன்.)

இந்த ரக மாத்திரை பயணத்துக்கு வந்ததே தற்செயலா தான். 1947-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல தோல் தடிப்புக்கு வந்த ஒரு அம்மாவுக்கு புது மருந்து ஒண்ணு கொடுத்திருக்காங்க. அந்தம்மா டிராம்ல ஏறினாலே தலை சுத்தற கேஸ், நம்ம ஜாதி! மருந்து சாப்பிட ஆரம்பிச்சதும் அது நின்னு போச்சு. 1948-ல அட்லாண்டிக்கைத் தாண்டின ஒரு படைக்கப்பல்ல வீரர்களுக்குக் கொடுத்து சோதிச்சாங்க. அது தான் டிரமமைன்.

இவ்வளவு படிச்சவன் தான் போன மாசம் அந்தக் காரியத்தைச் செய்யப் பாத்தேன்.

அக்கா பையனுக்கு ஒண்ணேகால் வயசு. கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோவில்ல மொட்டை. காரவள்ளியில இருந்து 70 வளைவு. "இவன் வாந்தி எடுத்தா என்னடா பண்றது?"ன்னு அக்கா கேட்டப்ப, "மாமன் மாதிரி தான் இருப்பான், கால் மாத்திரை பால்ல கலந்து குடுத்துடலாம்"னு சொன்னது சாட்சாத் நானே. நாமக்கல்ல மெடிக்கல் ஷாப் அண்ணன் ஸ்ட்ரிப்பை எடுத்து வெட்டப் போனவர், சும்மா கேட்டார்: "யாருக்கு தம்பி?"

"எனக்கு ஒண்ணு. குழந்தைக்கு கால்."

"குழந்தைக்கு எத்தனை வயசு?"

சொன்னேன். கத்திரிக்கோலை கீழ வெச்சுட்டார். "ரெண்டு வயசுக்குள்ள இதைக் குடுக்கவே கூடாது. மூச்சு அடங்கிப் போயிரும்."

எனக்கு மட்டும் ஒண்ணு வெட்டிக் குடுத்தார். பஸ்ல ஏறின பிறகு போன்ல தேடினா, அமெரிக்காவுல 2004-லயே இதுக்கு பெரிய எச்சரிக்கை போட்டிருக்காங்க, சில குழந்தைங்க இறந்தே போயிருக்கு. கூடவே இன்னொண்ணு: ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு இந்தப் பயண வாந்தி வர்றதே அபூர்வமாம். இல்லாத வியாதிக்கு மருந்து! செட்ரிசின் விஷயத்துல ஷூ தான் போச்சு. இது...

அக்காகிட்ட சொல்லலை. அண்ணன் இல்லைன்னுட்டார்னு மட்டும் சொன்னேன். இதைப் படிச்சா தெரிஞ்சுக்குவா, திட்டட்டும்.

அந்தப் பதட்டத்துல என் மாத்திரை சட்டைப்பையிலயே இருந்துடுச்சு. ஒரு மணி நேரம் முன்னாடியாவது போட்டிருக்கணும். ஞாபகம் வந்து முழுங்கினப்ப காரவள்ளி தாண்டி முதல் வளைவு. பையன் ஒவ்வொரு வளைவுக்கும் கை தட்டி சிரிக்கறான். இருபதாவது வளைவுக்கு முன்னாடியே அவனுக்குன்னு எடுத்துட்டு வந்த துண்டை அக்கா என்கிட்ட நீட்டினா.